ஐப்பசியில் ஊசி, மார்கழியில் குரல்

மயிலாப்பூர் கச்சேரி சாலையில் டப்பா செட்டி கடைக்குப் போய், தொண்டை கட்டிக்கொண்டிருக்கிறது என்று சொன்னால் சித்தரத்தையும் அதிமதுரமும் கைக்கு வந்துவிடும். சென்னையில் குரல் கெட்டால் முதல் வைத்தியம் பெரும்பாலும் இதுதான். பனங்கற்கண்டு, மிளகுப் பால், ஒரு வாரத்துக்கு ஐஸ் வாட்டர் கிடையாது. பெரும்பாலான தொண்டைக் கட்டுகள் இதற்கே அடங்கிவிடும். எத்தனை மாதம் ஆனாலும் அடங்காத குரல் கோளாறு ஒன்று இருக்கிறது. அதற்குப் போடும் ஊசியைப் பற்றியும், அந்த ஊசியோடு ஆண்டுக்கணக்கில் வாழ்வது எப்படி இருக்கும் என்பதைப் பற்றியும் இங்கே எழுதுகிறேன்.

கோளாறின் பெயர் ஸ்பாஸ்மோடிக் டிஸ்போனியா. குரல்வளை டிஸ்டோனியா என்றும் நரம்பியல் மருத்துவர்கள் சொல்கிறார்கள். தொண்டையில் புண் இருக்காது, கட்டி இருக்காது, வீக்கமும் இருக்காது. மூக்கு வழியாகக் காமிரா விட்டுப் பார்த்தால் குரல் நாண்கள் இரண்டும் வெள்ளையாக, வழுவழுப்பாக, பழுதில்லாமல் தெரியும். வாயைத் திறந்து பேசத் தொடங்கியதும்தான் வில்லங்கம் ஆரம்பிக்கும். பேசும்போது பெண்களுக்கு விநாடிக்குச் சுமார் 200 முறையும் ஆண்களுக்கு நூற்றுச் சொச்சம் முறையும் இந்த நாண்கள் அதிர வேண்டும். அதற்கு மூளை அனுப்பும் கட்டளை பிசகிப்போய், நாண்கள் தேவைக்கு மேல் இறுகி ஒன்றோடொன்று அழுந்திக்கொள்கின்றன. காற்று வெளியே வர வழியில்லாமல் சொல் நடுவில் அறுபடும், நெரிபடும், மறுபடி கிளம்பும். பத்தில் எட்டுப் பேருக்கு மேல் இந்த இறுகும் வகைதான். மீதிப் பேருக்கு நேர் எதிராக, நாண்கள் சட்டென்று விலகிக் காற்று புஸ்ஸென்று வெளியேறிவிடும்.

எந்த வகை என்பதைக் காதாலேயே ஓரளவு கண்டுபிடிக்கலாம். உயிரெழுத்தும் மெல்லினமும் நிறைந்த வாக்கியங்களில் இறுகும் வகைக்காரர் தடுமாறுவார். "மாமியும் நானும் ஏழு மணி வரை ஆவலோடு அமர்ந்தோம்" என்று சொல்லச் சொன்னால் நாலைந்து இடத்தில் அறுபடும். விலகும் வகைக்காரருக்கு வல்லினம்தான் எதிரி. "தெப்பக்குளத்துப் படிக்கட்டுப் பக்கத்துக் கடை" என்பது அவருக்குக் காற்றாகக் கரைந்துபோகும்.

விசித்திரமான பகுதி இனிமேல்தான். இந்த நோயாளிகளில் பலர் சிரித்தால் குரல் சரியாக இருக்கும். அழுதால் சரியாக இருக்கும். கிசுகிசுத்தால் வார்த்தை தெளிவாக வரும். போனில் ஒரு ஹலோ சொல்ல முடியாதவர் ஒரு கீர்த்தனையின் பல்லவியைத் தடையில்லாமல் பாடிவிடுவதும் உண்டு. சிரிப்புக்கும் அழுகைக்கும் மூளைக்குள் தனிப் பாதை இருக்கிறது. பழுது பட்டிருப்பது கற்றுக்கொண்ட பேச்சின் பாதை. பார்க்கிறவர்களுக்கு இதெல்லாம் தெரியாது. "பாட்டு மட்டும் வருதே, பேச்சு எப்படி வராமப் போகும்?" என்று வீட்டிலேயே கேட்பார்கள். நடிப்பு, பதற்றம், மனசுதான் காரணம் என்ற முடிவுக்கு வர இது போதும். மருத்துவர்களும் நெடுங்காலம் அப்படித்தான் நினைத்தார்கள். பெர்லினில் லுட்விக் டிராவுபே 1871-ல் இதை விவரித்தபோதே நரம்புத் தளர்ச்சியின் குரல் என்கிற தொனியில்தான் எழுதினார். 1968-ல் மேயோ கிளினிக்கின் ஆர்னால்ட் ஆரன்சனும் அவருடைய சகாக்களும் நோயாளிகளை முறையாகச் சோதித்து, இவர்களிடம் தனிப்பட்ட மனநோய் எதுவும் காணவில்லை, இது நரம்பியல் கோளாறாகவே தெரிகிறது என்று சொன்ன பிறகுதான் காற்று திசை மாறியது. அதன் பிறகும் எல்லாம் சீராகிவிடவில்லை. 2015-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், முதல் மருத்துவரைப் பார்த்த நாளிலிருந்து நோயின் பெயர் தெரியவரும்வரை சராசரியாக நான்கு ஆண்டுக்கும் மேல் ஆகியிருந்தது. அதற்குள் ஒவ்வொருவரும் சுமார் நான்கு மருத்துவர்களைப் பார்த்திருந்தார்கள்.

தென்சென்னையில் இந்த அலைச்சல் எப்படி நடக்கும் என்பதை ஊகிப்பது கஷ்டமில்லை. குரல் என்றதும் எல்லோரும் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம்தான் போவார்கள். மயிலாப்பூரிலிருந்து நடந்தே போகிற தூரத்தில், ராஜா அண்ணாமலைபுரத்தில், மெட்ராஸ் ஈ.என்.டி. ஆராய்ச்சி அறக்கட்டளை என்று அதற்கென்றே ஒரு பெரிய நிறுவனம் இருக்கிறது. ஆனால் நோய் மூளையில் இருக்கிறது. நரம்பியலுக்கு டாக்டர் கே.எஸ். சஞ்சீவி தொடங்கிய தரமணி வி.எச்.எஸ். மருத்துவமனை போன்ற இடங்களைத் தேட வேண்டும். தொண்டைக்காரர் கண்ணுக்கு நாண்கள் நன்றாக இருக்கின்றன. நரம்பியல்காரருக்குக் கை கால் எல்லாம் நன்றாக இருக்கிறது. இரண்டு துறைக்கும் நடுவில் நிற்கிற நோய் இது. தொண்டை மருத்துவர், நரம்பியல் மருத்துவர், பேச்சுப் பயிற்சியாளர் மூவரும் ஒரே அறையில் உட்கார்ந்து ஒரு குரலைக் கேட்கும் ஏற்பாடு எங்கே இருக்கிறதோ அங்கே அலைச்சல் குறையும்.

பெயர் தெரிந்தவுடன் யாரும் கேட்கும் அடுத்த கேள்வி, ஒரேயடியாகத் தீர்த்துவிட முடியாதா என்பதுதான். முடியும் என்று நம்பிய காலம் ஒன்று இருந்தது. சான் ஃபிரான்சிஸ்கோவின் ஹெர்பர்ட் டெடோ, குரல் நாணுக்குப் போகும் நரம்பை ஒரு பக்கத்தில் வெட்டிவிட்டால் இறுக்கம் போய்விடும் என்று கண்டு 1976-ல் வெளியிட்டார். அறுவை முடிந்து எழுந்தவர்கள் பல ஆண்டுகளுக்குப் பிறகு தங்கள் குரலைத் தாங்களே கேட்டார்கள். பரபரப்பு எழுந்தது இயல்புதான். அதே சிகிச்சையை ஆரன்சனும் டி சாண்டோவும் 33 பேரிடம் மூன்றாண்டு பின்தொடர்ந்து பார்த்து 1983-ல் எழுதினார்கள். மூன்றாவது ஆண்டு முடிவில் 64 சதவீதம் பேருக்குக் குரல் பழையபடி கெட்டிருந்தது. வெட்டப்பட்ட நரம்பு மறுபடி துளிர்த்து வந்திருந்தது, அல்லது மறுபக்க நாண் இந்தப் பக்கத்துக்கும் சேர்த்து இறுகப் பழகியிருந்தது. குரலுக்கான எந்தச் சிகிச்சையையும் முதல் மாதத்தை வைத்து எடை போடக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

இன்னொரு உதாரணமும் உண்டு. அதுவும் குரலுக்கான ஊசிதான், நோய் மட்டும் வேறு. தைராய்டு அறுவையிலோ இதய அறுவையிலோ நரம்பு அடிபட்டு ஒரு குரல் நாண் அசையாமல் நின்றுவிட்டால், அதற்குள் ஏதாவது ஒரு பொருளைச் செலுத்திப் பருமனாக்கி நடுவுக்குக் கொண்டுவருவார்கள். 1960-களில் இதற்கு டெஃப்லான் பசையைப் போட்டார்கள். கரையாது, நகராது, நிரந்தரம் என்பதுதான் அதன் பெருமை. சில ஆண்டு கழித்து அந்தப் பசையைச் சுற்றித் திசு முடிச்சு போட்டு வளர்ந்து, இருந்த குரலையும் கெடுத்தது. முழுசாக எடுக்கவும் முடியவில்லை. இப்போது அங்கே ஹயலூரானிக் அமிலம், நோயாளியின் சொந்தக் கொழுப்பு, கால்சியம் சேர்ந்த பசை ஆகியவைதான் பழக்கத்தில் இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை மாதங்களிலோ ஓரிரு ஆண்டிலோ கரைந்துவிடும்.

நிரந்தரத் தீர்வுகள் இப்படி ஒவ்வொன்றாகச் சரிந்தபோது, நூறு நாளில் கலைந்துபோகிற ஒரு மருந்து நாற்பது ஆண்டாக நிலைத்து நிற்கிறது. கலைந்துபோவதுதான் அதன் பலவீனம் என்று நோயாளிகள் நினைக்கிறார்கள். அவர்களுடைய ஆதங்கம் நியாயமானது. ஆனால் அது இத்தனை காலம் தாக்குப்பிடித்ததற்குக் காரணமும் அதேதான் என்று நான் நினைக்கிறேன்.

அந்த மருந்து போட்டுலினம் நச்சு. தி.நகரிலும் அடையாறிலும் தோல் மருத்துவக் கிளினிக்குகளின் பலகைகளில் போடாக்ஸ் என்று காண்கிறோமே, அதேதான். கெட்டுப்போன இறைச்சியில் வளரும் ஒரு பாக்டீரியா உண்டாக்கும் விஷம் இது. ஜெர்மனியின் வூர்ட்டம்பெர்க் பகுதியில் கெட்ட தொத்திறைச்சியைத் தின்று மக்கள் மடிந்தபோது, யூஸ்டினுஸ் கெர்னர் என்ற மருத்துவர் அந்த விஷத்தை ஆராய்ந்தார். தன் உடம்பிலேயே சோதித்தார். இதையே மிகக் கொஞ்சமாகக் கொடுத்தால் அடங்காமல் துடிக்கும் தசைகளை அடக்கலாம் என்று 1822-லேயே எழுதியும் வைத்தார். அவர் கவிஞரும்கூட. பாக்டீரியாவைக் கண்டெடுத்தவர் பெல்ஜியத்தின் எமில் வான் எர்மெங்கெம். 1895 டிசம்பரில் எல்லெசெல் என்ற கிராமத்தில் ஒரு சாவுக்கு வாசிக்க வந்த பேண்டு வாத்தியக்காரர்கள் 34 பேர் பன்றித் தொடை இறைச்சி சாப்பிட்டார்கள். மூவர் இறந்தார்கள். அந்த இறைச்சியிலிருந்துதான் கிருமி கிடைத்தது.

இதை மருந்தாக்கியவர் சான் ஃபிரான்சிஸ்கோவின் கண் மருத்துவர் ஆலன் ஸ்காட். மாறுகண்ணுக்காக அவர் உருவாக்கிய ஊசிக்கு 1989 டிசம்பரில் அமெரிக்க அரசின் அனுமதி கிடைத்தது. அதற்கு ஐந்து ஆண்டு முன்பே, 1984-ல், நியூயார்க்கில் ஆண்ட்ரூ பிளிட்சரும் மிட்செல் பிரின்னும் அதைக் குரல் நாணில் போட்டுப் பார்த்துவிட்டார்கள். இன்றுவரை அமெரிக்காவில் இந்த நோய்க்கென்று அந்த மருந்துக்குத் தனி அனுமதி கிடையாது. மருத்துவர்கள் தங்கள் பொறுப்பில் போடுகிறார்கள். ஜப்பான் 2018-ல் அனுமதி கொடுத்தது.

அளவைப் பார்ப்போம். புருவ மத்தியின் சுருக்கத்துக்கு அழகு நிலையங்களில் போடுவது சுமார் 20 யூனிட். குரலுக்கு வழக்கமான தொடக்கம் ஒரு நாணுக்கு 1.25 யூனிட், இரண்டுக்கும் சேர்த்து இரண்டரை. சிலருக்கு அதிலும் பாதி போதும். ஒரு மனிதனைக் கொல்ல இரண்டாயிரத்து ஐந்நூறு யூனிட்டுக்கு மேல் வேண்டும் என்பது மதிப்பீடு. விஷம் என்ற சொல்லைக் கேட்டுப் பின்வாங்குகிறவர்கள் இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளலாம்.

ஊசி போடும் முறையைக் கிட்டத்தில் பார்த்தால் பயம் இன்னும் குறையும். நோயாளி சாய்வு நாற்காலியில் படுத்துத் தாடையை மேலே தூக்குகிறார். குரல்வளையின் முன்பக்கம் விரலால் தடவினால் இரண்டு குருத்தெலும்புகளுக்கு நடுவில் சின்னப் பள்ளம் ஒன்று தட்டுப்படும். அங்கே ஊசி நுழைகிறது. நுனி தவிர மற்ற பகுதியெல்லாம் பூச்சுப் பூசிய உள்ளீடற்ற ஊசி அது. மருந்தும் அதன் வழியாகத்தான் போகும், தசையின் மின்துடிப்பும் அதன் வழியாகத்தான் வெளியே வரும். ஊசியோடு ஒரு ஒலிபெருக்கி இணைந்திருக்கிறது. மருத்துவர் ஊசியை மேல்நோக்கியும் பக்கவாட்டிலும் மெல்லச் சரித்து, "ஈ... சொல்லுங்க" என்கிறார். சரியான தசையில் நுனி பட்டதும் வாணலியில் கடுகு வெடிப்பது போன்ற சடசடப்பு அறையை நிறைக்கும். அந்தச் சத்தம் கேட்ட நொடியில் ஒரு சொட்டு, 0.1 மில்லி, உள்ளே போகிறது. விழுங்கக் கூடாது, இருமல் வந்தால் கையைத் தூக்கிக் காட்ட வேண்டும். மறுபக்கமும் அப்படியே. சில நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும். வந்த பஸ்ஸிலேயே வீட்டுக்குத் திரும்பலாம்.

அன்றைக்கு ஒன்றும் நடக்காது. குரலும் மாறாது. நரம்பு நுனிக்குள் மருந்து நுழைந்து, தசைக்குச் செய்தி கொண்டுபோகும் ரசாயனத்தை வெளியே தள்ளும் புரதங்களில் ஒன்றை வெட்ட வேண்டும். அந்தப் புரதத்தின் பெயர் ஸ்னாப்-25. அது வெட்டுப்பட்டால் நரம்பு கத்தினாலும் தசைக்குக் கேட்காது. இரண்டு மூன்று நாளில் குரல் இளகத் தொடங்குகிறது. அதற்குப் பிறகுதான் பலரைக் கலங்கடிக்கும் கட்டம். முதல் வாரத்தின் கடைசியிலும் இரண்டாவது வாரத்திலும் நாண்கள் மூடவே மாட்டேன் என்று நிற்கும். குரல் வெறும் காற்றாக இருக்கும். பஸ் கண்டக்டரிடம் நிறுத்தம் பெயர் சொல்ல முடியாது. ஊசி வேலை செய்யவில்லை, இன்னும் கெடுத்துவிட்டது என்று நினைக்கத் தோன்றும். உண்மையில் அது நன்றாக வேலை செய்துகொண்டிருக்கிறது.

அந்த நாட்களில் தண்ணீர் புரையேறும். குரல் நாண்களின் முதல் வேலை பேசுவது கிடையாது, மூச்சுக்குழாயைக் காப்பது. கதவு முழுசாக மூடாதபோது நீர், மோர், ரசம் என்று மெல்லிய திரவமெல்லாம் வழி தவறும். இதில் நம் ஊருக்கென்று ஒரு ஆபத்து இருக்கிறது. சொம்பையோ பாட்டிலையோ உதட்டில் படாமல் தூக்கி, அண்ணாந்து குடிக்கிறோம். தலை பின்னால் சாயும்போது மூச்சுக்குழாயின் வாய் இன்னும் திறந்துகொள்கிறது. வெளிநாட்டுக் கையேடுகளில் இதைப் பற்றி ஒரு வரிகூட எதிர்பார்க்க முடியாது, அவர்களுக்கு அந்தப் பழக்கமே இல்லையே. ஊசி போட்ட இரண்டு வாரத்துக்கு டம்ளரை வாயில் வைத்து, தாடையை மார்பை நோக்கித் தாழ்த்தி, சின்னச் சின்ன மடக்காகக் குடிக்க வேண்டும். எச்சில் பார்க்கிற வீட்டில் இதற்கென்று ஒரு டம்ளரைத் தனியாக வைத்துக்கொள்ளலாம். கஞ்சி, கூழ், குழைந்த சாதம் எதுவும் தொந்தரவு தராது.

மூன்றாவது வாரத்தில் காற்று குறைந்து குரல் திரள்கிறது. அடுத்த இரண்டரை, மூன்று மாதம்தான் இத்தனை பாட்டுக்கும் கூலி. இந்த நேரத்தில் பலருக்குப் போன் பேசும் பயம் போய்விடுகிறது. பிறகு மெல்ல, எந்த நாள் என்று சொல்ல முடியாதபடி, அறுபடல் திரும்புகிறது. பிளிட்சர் குழு 900-க்கும் மேற்பட்ட நோயாளிகளின் 12 ஆண்டு அனுபவத்தை 1998-ல் வெளியிட்டது. இறுகும் வகைக்காரர்களுக்குப் பலன் சராசரியாக 15 வாரம் நின்றது. இயல்பான குரலில் சுமார் 90 சதவீதம் வரை எட்ட முடிந்தது. விலகும் வகைக்காரர்களுக்கு அவ்வளவு அதிர்ஷ்டம் இல்லை. அவர்களுக்குப் பலனும் குறைவு, காலமும் பத்து வாரத்தைச் சற்றுத் தாண்டியதுதான். ஊசி போட வேண்டிய தசை அவர்களுக்குக் குரல்வளையின் பின்புறத்தில் இருக்கிறது, மூச்சுப் பாதையைத் திறந்து வைப்பதும் அதே தசைதான் என்பதால் மருத்துவரால் தாராளமாக மருந்து கொடுக்கவும் முடியாது.

ஏன் கலைகிறது? 1999-ல் எலிகளின் நரம்பு நுனிகளைத் தொடர்ந்து கவனித்த ஒரு லண்டன் குழுவின் வேலை இதற்கு அழகான விடை தந்தது. மருந்து பட்ட நுனி செயலிழந்ததும் அதன் பக்கத்திலிருந்து புதுக் கிளைகள் முளைக்கின்றன. நாலு வாரம் ஆனபோது தசையை அசைத்துக்கொண்டிருந்தவை அந்தக் கிளைகள்தான். 91-ஆம் நாள் பார்த்தபோது பழைய நுனி பிழைத்து எழுந்து தன் வேலையை எடுத்துக்கொண்டிருந்தது, கிளைகள் வாடியிருந்தன. ஒவ்வொரு ஊசிக்குப் பிறகும் நரம்பு கிட்டத்தட்ட தொடங்கிய இடத்துக்கே திரும்புகிறது. வெட்டிய நரம்பு கோணல்மாணலாகத் துளிர்த்ததோடு இதை ஒப்பிட்டால் வித்தியாசம் புரியும்.

அதனால்தான் பத்தாண்டு, இருபதாண்டு ஊசி போட்டுக்கொண்டவர்களிடமும் மருந்தின் பலன் மங்கியதாகக் காணவில்லை. தேவைப்படும் அளவு பெரும்பாலும் அப்படியே நிற்கிறது, சிலருக்குக் குறைந்தும் இருக்கிறது. அமெரிக்கப் பொது வானொலியில் டயான் ரேம் 1998-ல் இந்த நோயின் பெயரைத் தெரிந்துகொண்டார். அதன் பிறகு ஊசி போட்டுக்கொண்டே, ஊசிக்குப் பிந்தைய நாட்களில் வேறொருவரை உட்காரவைத்துவிட்டு, 2016 வரை தினமும் நேர்காணல் நிகழ்ச்சி நடத்தினார். குரலை வைத்தே பிழைத்த ஒருவருக்கு இது சாத்தியமாகியிருக்கிறது.

நோய் குணமாகிறதா என்றால், இல்லை. மருந்து தசையைத் தொடுகிறது, மூளையைத் தொடுவதில்லை என்று சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஆனால் முழு உண்மை அதுவும் இல்லை. பீலமோவிச், லட்லோ இருவரும் 2000-ல் வெளியிட்ட ஆய்வில், ஊசி போட்ட தசையோடு ஊசி படாத மற்றக் குரல்வளைத் தசைகளிலும் துடிப்பு குறைந்திருந்தது. தொண்டை இளகியதாக மூளைக்குத் தகவல் போகும்போது மூளையும் தன் கட்டளையைக் கொஞ்சம் தளர்த்துகிறது போலும். நல்ல குரல் இருக்கும் வாரங்களில் பேச்சுப் பயிற்சி செய்தவர்களுக்குப் பலன் கூடுதல் நாள் நிற்பதாக 1995-லேயே மரி, உட்சன் இருவரும் கண்டிருந்தார்கள். குரல் திரும்பியதும் பயிற்சிக்குப் போவதை நிறுத்திவிடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பயிற்சிக்குப் பலன் இருப்பதே அந்த வாரங்களில்தான்.

உடம்பு இந்த மருந்துக்கு எதிர்ப்புப் புரதம் உண்டாக்கி, ஊசி பலிக்காமல் போவதும் உண்டு. குரலுக்குப் போடும் அளவு மிகக் குறைவு என்பதால் இது அபூர்வம். இருந்தாலும் ஒரு விஷயத்தை நம் ஊரில் உரக்கச் சொல்ல வேண்டியிருக்கிறது. குரலுக்கு ஒரு மருத்துவமனையில் போட்டுக்கொண்டு, முகச் சுருக்கத்துக்கு வேறொரு கிளினிக்கில் போட்டுக்கொண்டால், இரண்டு பேருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். அடிக்கடியும் அதிகமாகவும் போடப் போடத்தான் எதிர்ப்பு உண்டாகும் வாய்ப்பு கூடுகிறது. ஒரு பிராண்டின் யூனிட்டும் இன்னொன்றின் யூனிட்டும் சமமில்லை என்பதால், எந்த பிராண்டு போட்டார்கள் என்பதையும் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். கர்ப்பம், மயஸ்தீனியா கிராவிஸ் என்ற தசைச் சோர்வு நோய், ஜென்டாமைசின் வகை ஆன்டிபயாட்டிக் இவற்றையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

பணக் கணக்கும் ஆண்டுக் கணக்குதான். மருந்துக் குப்பியில் 50 அல்லது 100 யூனிட் இருக்கும். குரலுக்கு வேண்டியது இரண்டரை. கரைத்த மருந்தைக் குளிர்பெட்டியில் வைத்தாலும் ஒரு நாளுக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது. ஒருவருக்காக முழுக் குப்பியை உடைத்தால் பெரும்பகுதி வீண். முகத்தசைத் துடிப்பு, கண் இமை இறுக்கம், எழுதும்போது வரும் கைப்பிடிப்பு என்று இதே மருந்து தேவைப்படுகிறவர்களை ஒரே நாளில் வரவழைத்துச் செலவைப் பகிர்வது நம் நாட்டில் பல இடங்களில் நடக்கிறது. ஏற்பாடு நல்லதுதான். ஆனால் அந்த நாள் மருத்துவமனைக்குத் தோதான நாள். நோயாளிக்கு எந்த நாள் தோது என்று கேட்பார் இருக்க வேண்டும்.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இதைத்தான். சராசரி 15 வாரம் என்பது புள்ளிவிவரம். நோயாளிக்கு வேண்டியது காலண்டர். தி.நகரில் ஒரு பள்ளி ஆசிரியையை எண்ணிக்கொள்வோம். பள்ளி திறப்பது ஜூனில். மே மாத நடுவில் ஊசி போட்டால் காற்றுக் குரல் வாரங்கள் கோடை விடுமுறையில் கழிந்துவிடும், ஜூனில் வகுப்புக்குக் குரல் தயார். அடுத்தது செப்டம்பர் கடைசியில், காலாண்டு விடுமுறையை ஒட்டி. அதற்கடுத்தது பொங்கல் விடுமுறையில். பொதுத் தேர்வுக்கு முந்தைய திருப்புதல் வகுப்புகள் நல்ல வாரங்களில் விழும். ஆண்டுக்கு மூன்று ஊசி, மூன்றும் விடுமுறையில். அதே ஊசிகளை ஜூலை, நவம்பர், மார்ச் என்று வந்தபடி போட்டிருந்தால் வகுப்பில் நிற்கும் நாட்களில் பல வாரம் வெறும் காற்றாகப் போயிருக்கும். மருந்தும் அதே, அளவும் அதே, செலவும் அதே.

மயிலாப்பூரில் சபாக்களை நம்பி வாழ்கிறவர்களுக்குக் கணக்கு வேறு. மார்கழிக்குக் குரல் வேண்டுமென்றால் ஐப்பசியில் ஊசி போட்டாக வேண்டும், கார்த்திகை பிறந்து சில நாளில் காற்று அடங்கி, டிசம்பர் நடுவில் உச்சம் கிடைக்கும். பேசும்போது மட்டும் தடுமாறுகிற பாடகருக்கு ஊசியே வேண்டுமா என்பதையும் யோசிக்க வேண்டும். மருந்து போகிற தசை கீழ் ஸ்தாயியின் கனத்துக்குப் பொறுப்பான தசை. பேச்சைச் சரிசெய்யப் போய் மந்திர ஸ்தாயியைச் சில வாரம் இழக்க நேரிடும். ஒரு பக்கம் மட்டும் போடுவது, பாதி அளவை அடிக்கடி போடுவது என்று வழிகள் உண்டு. காற்று குறையும், நல்ல வாரங்களும் குறையும். எது தேவலை என்பதை மருத்துவர் மட்டும் முடிவுசெய்ய முடியாது.

எல்லோருக்கும் இந்த ஏற்ற இறக்கம் ஒத்துவருவதில்லை. இன்றைய அமெரிக்க சுகாதாரத் துறைச் செயலர் ராபர்ட் எஃப். கென்னடி ஜூனியர் பல ஆண்டு ஊசி போட்டுக்கொண்டவர். தனக்கு அது சரிப்படவில்லை என்று சொல்லி, ஜப்பானில் கியோட்டோவுக்குப் போய் அறுவை செய்துகொண்டார். நொபுஹிகோ இஷிகி உருவாக்கிய முறை அது. குரல்வளையின் முன் குருத்தெலும்பைப் பிளந்து, டைட்டானியம் பாலம் ஒன்றை நடுவில் வைத்து, நாண்கள் இறுக மூட முடியாதபடி இடைவெளியை நிலையாக்கிவிடுவார்கள். லாஸ் ஏஞ்சல்ஸில் ஜெரால்ட் பெர்க் நரம்பின் கிளையை வெட்டி, அந்த இடத்தில் வேறொரு நரம்பை ஒட்டவைத்துப் பழைய நரம்பு துளிர்க்காமல் தடுக்கும் முறையைக் கொண்டுவந்தார். டெடோவின் தோல்வியிலிருந்து நேராகக் கற்ற பாடம் அது. பலருக்கு நல்ல பலன் கிடைத்திருக்கிறது. ஆனால் பிடிக்காவிட்டால் நாலு மாதத்தில் கலைந்துவிடும் வசதி இவற்றில் கிடையாது. அதனால் முதலில் ஊசி, இரண்டு மூன்று ஆண்டு பார்த்த பிறகு கத்தி என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது.

முதல் ஊசி பெரும்பாலும் ஒரு ஊகம்தான். யாருக்கு எவ்வளவு வேண்டும் என்பதை எடையோ வயதோ சொல்லாது. அதனால் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஊசி போட்ட தேதி, பிராண்டு, எந்தப் பக்கம், எத்தனை யூனிட். காற்றுக் குரல் தொடங்கிய நாள், முடிந்த நாள். எத்தனை நாள் தண்ணீர் புரையேறியது. வெளியாட்களோடு தயங்காமல் போன் பேசிய முதல் நாள். முதல் அறுபடல் திரும்பிய நாள். வாரம் ஒருமுறை அதே நாலு வரியைப் படித்து மொபைலில் பதிவுசெய்துவிடுங்கள். காற்று மூன்று வாரத்துக்கு மேல் நீடித்திருந்தால் அடுத்த முறை அளவைக் குறைப்பார்கள். காற்றே வராமல் பலனும் எட்டு வாரத்தில் போயிருந்தால் கூட்டுவார்கள், அல்லது ஊசி சரியான இடத்தில் விழுந்ததா என்று பார்ப்பார்கள். மூன்று நான்கு சுற்றில் உங்களுக்கான அளவு பெரும்பாலும் பிடிபட்டுவிடும்.